பேசிங்ஸ்டோக்ல ஒரு சர்ஜரி டிபார்ட்மென்ட் மலக்குடல் கேன்சர் ஆபரேஷனை எப்படி மாத்துச்சு?

ஃபைனல் இயர் எம்பிபிஎஸ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "சர்ஜரி டிபார்ட்மென்ட்ல எதுக்கு ரிசர்ச்? கேன்சர் ரிசர்ச்னா மருந்து, லேப், ஜீன் இதானே. சர்ஜன் கட்டிய வெட்டி எடுக்கப்போறாரு, அவ்வளவுதான். கிளாஸ் எடுக்கற நேரத்துலயும் பேப்பர் எழுதற நேரத்துலயும் இன்னும் நாலு பேருக்கு ஆபரேஷன் பண்ணலாமே?"

நியாயமான கேள்வி தம்பி. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நானும் இப்படித்தான் நெனச்சேன். அப்புறம் இங்கிலாந்துல கொலோரெக்டல் யூனிட்ல, அதாவது பெருங்குடல் மலக்குடல் ஆபரேஷன் பிரிவுல, ரெஜிஸ்ட்ராரா (பயிற்சில இருக்கற சர்ஜனா) சேந்து வருஷக்கணக்கா இந்த ஒரே ஆபரேஷன்ல நின்னு பாத்ததுக்கப்புறம் அந்த நெனப்பு அடியோட போயிருச்சு. மலக்குடல் கேன்சர்ல, புது மருந்துன்னு ஒண்ணும் வராமயே, எந்த இடத்துல கத்தி வைக்கணும்ங்கறத சர்ஜன்களுக்கு உக்கார வச்சு கத்துக்கொடுத்ததாலயே நோய் திரும்ப வர்றது பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. அதுக்கு பிள்ளையார் சுழி போட்டது பெரிய யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி கூட இல்ல, லண்டனுக்கு தென்மேற்கா ஹாம்ப்ஷயர்ல பேசிங்ஸ்டோக்னு ஒரு ஊரு, அங்க இருக்கற சாதாரண ஜில்லா ஆஸ்பத்திரி. அந்தக் கதையச் சொன்னா உங்க கேள்விக்கு பதில் தன்னால வந்துரும், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அனாட்டமி. மலக்குடல்ங்கறது பெருங்குடலோட கடைசி 15 சென்டிமீட்டர் சுமாரா, இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள இறங்குற பகுதி. இது வெறும் குழாயா தொங்கல, சுத்தி கொழுப்பு ஒரு மெத்தை மாதிரி இருக்கு, முக்கியமா பின்பக்கம். ரத்தக்குழாயும் நெணநீர் முடிச்சுகளும் அந்தக் கொழுப்புக்குள்ளதான் இருக்கு. இதுக்குப் பேரு மீசோரெக்டம். இந்த மெத்தைக்கு மேல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஒரு மெல்லிசு சவ்வு போத்தியிருக்கும். கேன்சர் குடல் சுவரத் தாண்டி வெளிய வந்தா மொதல்ல போய் உக்காருற எடம் இந்த மெத்தைதான்.

நுங்கு வெட்டி பாத்திருப்பீங்க. பனங்காய சீவி, கட்டவிரல உள்ள விட்டு சுளைய நெம்பி எடுக்கறப்ப, மேல இருக்கற மெல்லிசு தோல் கிழியாம வந்தா உள்ள இருக்கற தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய வராது. அவசரப்பட்டு நகம் பட்டுச்சுன்னா போச்சு, கையெல்லாம் ஒழுகிரும். மலக்குடல் கேன்சர் ஆபரேஷன் மொத்தமும் இந்த ஒரு வித்தைதான், ஆனா இங்க சுளை இருக்கறது ஒரு குறுகலான எலும்புக் குழிக்கு அடியில, சுத்தி மூத்திரப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் போற நரம்புங்க ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒழுகுனா ஒழுகறது தண்ணி இல்ல, கேன்சர் செல்லு.

பழைய காலத்துல என்ன பண்ணாங்க? 1908ல லண்டன்ல எர்னஸ்ட் மைல்ஸ்னு ஒரு சர்ஜன், வயித்து வழியாவும் ஆசனவாய் வழியாவும் ரெண்டு பக்கமும் போய் மலக்குடலையும் ஆசனவாயையும் சேத்து எடுத்து வயித்துல நிரந்தரமா ஓட்டை வைக்கற ஆபரேஷன லேன்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல எழுதுனாரு. அவரு ஏன் அங்க போனாருன்னு பாருங்க, அதுக்கு முன்னாடி அவரே கீழ் வழியா மட்டும் பண்ண 57 பேர்ல 54 பேருக்கு நோய் திரும்பிருச்சு, அத அவரு மறைக்காம எண்ணி எழுதுனாரு, இறந்தவங்கள போஸ்ட்மார்ட்டம் பண்ணி எங்க எங்க பரவியிருக்குன்னு தேடுனாரு. சர்ஜனோட ரிசர்ச்னா அது அங்கயே ஆரம்பிச்சாச்சு. 1932ல செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி பெத்தாலஜிஸ்ட் கத்பர்ட் டியூக்ஸ் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கறத வச்சு ஏ, பி, சின்னு ஸ்டேஜ் பிரிச்சாரு, அது நீங்க பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க.

அப்புறம் ரொம்ப வருஷம் ஆபரேஷன் பெருசா மாறல. உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாதுங்கறதால சர்ஜன் கைய விட்டு, மலக்குடலுக்குப் பின்னாடி விரலால பிரிச்சு, இழுத்து எடுக்கறதுதான் வழக்கம். இதுல பாதி மெத்தை கிழிஞ்சு உள்ளயே தங்கிரும். ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு அதே எடத்துல நோய் முளைக்கும். லோக்கல் ரெகரன்ஸ்னு புஸ்தகத்துல ரெண்டு வார்த்தையா போட்டுருவாங்க, நேர்ல பாத்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். இடுப்பெலும்புக்குள்ள நரம்பு வேர்ல கட்டி அமுக்கும், உக்கார முடியாது, படுக்க முடியாது, மார்ஃபினுக்கும் அடங்காது, சீழும் ரத்தமுமா கசியும், புத்தி மட்டும் தெளிவா இருக்கும். எங்க வார்டுல இருந்த ஒரு பெரியவர் கட்டில் கம்பிய பிடிச்சிக்கிட்டு மண்டி போட்டபடியே ராத்திரி பூரா தூங்குவாரு, அந்த ஒரு பொசிஷன்லதான் வலி கொஞ்சம் கொறையும்னு சொல்லுவாரு. பல வருஷம் முன்னாடி வேற எங்கயோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு. அவர நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும்.

எவ்வளவு பேருக்கு இப்படி வந்துச்சுன்னா, அது சர்ஜனப் பொறுத்துதான் இருந்துச்சு. 1991ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரிலருந்து ஒரு பேப்பர் வந்துச்சு, மக்கார்டில், ஹோல்னு ரெண்டு பேர் எழுதுனது. ஒரே ஆஸ்பத்திரி, 13 கன்சல்டன்ட், அதாவது சீனியர் சர்ஜன்கள், பெருங்குடல் மலக்குடல் கேன்சர் நோயாளிகள் 645 பேரு. கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னவங்கள்ல, லோக்கல் ரெகரன்ஸ் ஒரு சர்ஜனுக்கு பூஜ்யம், இன்னொருத்தருக்கு 21 சதவீதம். 10 வருஷம் உயிரோட இருந்தவங்க ஒருத்தர்கிட்ட 20 சதவீதம், இன்னொருத்தர்கிட்ட 63 சதவீதம். ஒரே கட்டடம் தம்பி, ஒரே ஊரு ஜனம். நோயாளி எந்த டாக்டர் பேர்ல அட்மிட் ஆனாருங்கறது அவரு விதிய எழுதிருக்கு. இப்படி ஒரு வித்தியாசத்த ஒரு மாத்திரை உண்டாக்குச்சுன்னா உலகமே அது பின்னாடி ஓடியிருக்கும். இத வெளிய சொல்றதுக்கே ஒரு சர்ஜரி டிபார்ட்மென்ட்டுக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

பேசிங்ஸ்டோக் கதை இதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. அங்க பில் ஹீல்ட்னு ஒரு சர்ஜன். 1982ல அவரும் கூட இருந்தவங்களும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரில ஒரு சின்னப் பேப்பர் போட்டாங்க. அஞ்சே அஞ்சு நோயாளிங்க. கட்டியோட கீழ் விளிம்பு எங்க முடியுதோ அதுக்கும் பல சென்டிமீட்டர் கீழ, குடல் சுவர்ல இல்ல, அந்தக் கொழுப்பு மெத்தைக்குள்ள குட்டி குட்டியா கேன்சர் திட்டு இருந்துச்சு, அதுல ரெண்டு பேருக்கு வேற எந்த நெணநீர் பரவலும் இல்ல. அதுவரைக்கும் எல்லாரும் குடல எவ்வளவு கீழ வெட்டணும்னுதான் அளந்துக்கிட்டு இருந்தாங்க, குடல சுத்தி இருக்கற கொழுப்ப யாரும் பெருசா கண்டுக்கல, அத பாதில அறுத்து விட்டுட்டு வந்தாங்க. மெத்தைய சவ்வோட முழுசா எடுத்துட்டா என்னன்னு இவங்க தொடர்ந்து 100 ஆபரேஷனுக்கு மேல பண்ணாங்க, அதுல குணமாகும்னு நெனச்ச 50 பேர ரெண்டு வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்தா ஒருத்தருக்கு கூட இடுப்புக்குள்ள நோய் திரும்பல. இதுக்குத்தான் டோட்டல் மீசோரெக்டல் எக்சிஷன், சுருக்கமா டிஎம்இ-ன்னு பேரு.

சவ்வுக்கும் அதச் சுத்தி இருக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளிக்கு ஹீல்ட் வச்ச பேரு ஹோலி ப்ளேன், புனிதமான தளம். கேக்க கொஞ்சம் சாமியார்த்தனமா தெரியலாம், ஆனா தியேட்டர்ல பாத்தவங்க யாரும் மறுக்க மாட்டாங்க. மலக்குடல மெதுவா முன்பக்கம் தூக்கிப் பிடிச்சு, பின்னாடி சரியான அளவு எதிர் இழுப்பு குடுத்தா, சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூலிழைங்க விரிஞ்சு தெரியும். அதுல ரத்தக்குழாயே கிட்டத்தட்ட கெடையாது. டயதர்மி (கரண்ட் சூட்டுல வெட்டற கருவி) முனையால தொட்டா இழை ஒவ்வொண்ணா விலகும், மெத்தை வழுவழுன்னு பளபளன்னு மஞ்சளா பிரிஞ்சு வரும், ரெண்டு பக்கமும் நரம்பு அதோட எடத்துலயே நிக்கும். ரத்தம் வர ஆரம்பிச்சா எங்கயோ வழி தப்பிருச்சுன்னு அர்த்தம், ஒண்ணு கொழுப்புக்குள்ள போயிட்டோம், இல்ல வெளிப்பக்கம் நரம்புக்குப் பக்கத்துல போயிட்டோம். கைய விட்டு பிய்க்கற பழைய முறைக்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம் இதுதான், இங்க எல்லாமே கண்ணால பாத்து பண்றது. ரொம்ப மேல இருக்கற கட்டிக்கு மெத்தைய கடைசி வரைக்கும் எடுக்க வேண்டியதில்ல, கட்டிக்குக் கீழ 5 சென்டிமீட்டர் போதும், ஆனா தளம் அதே தளம்தான்.

சரி, உலகம் உடனே நம்புச்சா? இல்ல. 1993ல பேசிங்ஸ்டோக் கணக்க வெளியிலருந்து வந்த ஒரு சர்ஜன் தனியா எடுத்துப் பாத்து லேன்செட்ல போட்டாரு, 5 வருஷத்துல லோக்கல் ரெகரன்ஸ் 5 சதவீதம் பக்கம். மத்த எடத்துல 20, 25, 30ன்னு இருந்த காலம் அது. "லேசான கேஸா பொறுக்கி எடுத்திருப்பாரு", "அவரு கை ராசி, நமக்கு வராது"ன்னு பேசுனாங்க. இந்த ரெண்டாவது பேச்சுதான் ரொம்ப ஆபத்தான பேச்சு. ஒரு கைக்கு மட்டும் வர்ற வித்தைன்னா அந்த ஊருல நோய் வந்தவங்களுக்கு மட்டும்தான் பிரயோஜனம். அது வித்தையா கைராசியான்னு நிரூபிக்க ஒரே வழிதான் இருந்துச்சு, இன்னொருத்தருக்குக் கத்துக்கொடுத்து அவருக்கும் அதே ரிசல்ட் வருதான்னு பாக்கறது. இந்த எடத்துலதான் தம்பி டீச்சிங்கே ரிசர்ச்சா மாறுது. நான் இத எழுதறதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அதுக்கு முன்னாடி லீட்ஸ் பத்தி சொல்லியாகணும். அங்க ஃபில் குவர்க்னு பெத்தாலஜிஸ்ட், 1986 லேன்செட். எடுத்த மலக்குடல மொத்தமா நீளவாக்குல திறந்து பாக்காம, ரொட்டி ஸ்லைஸ் போடற மாதிரி குறுக்கால வரிசையா அறுத்து, வெளிவிளிம்பு வரைக்கும் கட்டி வந்திருக்கான்னு பாத்தாரு. 52 பேர்ல 14 பேருக்கு பக்கவாட்டு விளிம்புல கேன்சர் இருந்துச்சு, அந்த 14ல 12 பேருக்கு இடுப்புக்குள்ள திரும்ப வந்துச்சு. அதாவது நோய் திரும்பறது கேன்சரோட கெட்ட குணத்தால மட்டும் இல்ல, விளிம்புல விட்டுட்டு வந்ததாலயும்தான். இதுக்கப்புறம் எடுத்த உறுப்புக்கு வெளிப்பக்கம் மை பூசி, ஃபார்மலின்ல ஊறப்போட்டு, ஸ்லைஸ் போட்டு, மைக்கும் கட்டிக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு அளக்கறது வழக்கமாச்சு. 1 மில்லிமீட்டரோ அதுக்கும் கம்மியோ இருந்தா விளிம்பு பாசிட்டிவ், அதாவது விளிம்புல கேன்சர் இருக்குன்னு கணக்கு.

என் கதை ஒண்ணு சொல்றேன். நான் ரெஜிஸ்ட்ரார் ஆன புதுசுல, கன்சல்டன்ட் எதிர்ல நிக்க, பின்பக்க தளத்த நான்தான் பிரிச்சேன். நல்லாத்தான் போச்சுன்னு நெனச்சேன். ஒரு எடத்துல மட்டும் இழுப்பு ஜாஸ்தியாப் போயி, லேசா ஒரு ரத்தம், அமுக்கிப் பிடிச்சோம், நின்னுருச்சு, மறந்தும் போயிட்டேன். அடுத்த வாரம் மல்ட்டி டிசிப்ளினரி மீட்டிங், இருட்டு ரூம், ரேடியாலஜிஸ்ட், ஆன்காலஜிஸ்ட், நர்ஸ் எல்லாரும் இருக்காங்க, பெத்தாலஜிஸ்ட் அந்தம்மா ஸ்க்ரீன்ல போட்டோ போட்டாங்க. பளபளன்னு உருண்டையா இருக்க வேண்டிய மெத்தையோட பின்பக்கம் இடது ஓரத்துல ஒரு பள்ளம், கட்டவிரல் நுனி போற அளவு, அதுக்குள்ள பச்சை மை எறங்கியிருக்கு. அவங்க யாரையும் திட்டல. "இங்க தளம் உள்ள போயிருக்கு, நல்லவேளை கட்டி இதுக்கு எதிர்ப்பக்கம், விளிம்பு 6 மில்லிமீட்டர் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடு போயிட்டாங்க. எனக்கு காது அடைச்சுருச்சு. கட்டி அந்தப் பக்கம் இருந்திருந்தா? அந்த மனுஷன் தையல் பிரிக்க வந்தப்ப என் கையப் பிடிச்சு நன்றி சொன்னாரு, எனக்கு அவரு முகத்த பாக்க முடியல. என்ன ஆச்சுன்னு கன்சல்டன்ட் அவருக்கு எடுத்துச் சொன்னாரு, நானும் பக்கத்துலயே நின்னேன். அன்னிக்குலருந்து எந்த ஸ்பெசிமனையும், அதாவது வெட்டி எடுத்த உறுப்ப, திருப்பிப் பாக்காம நான் தியேட்டர விட்டு வெளிய போனதில்ல. அந்த போட்டோ எனக்குக் கத்துக்கொடுத்த அளவுக்கு எந்த புஸ்தகமும் கத்துக்கொடுக்கல.

இப்ப ஸ்டாக்ஹோம். 1990கள் நடுவுல ஹீல்ட் அங்க போயி ஆபரேஷன் பண்ணிக் காட்டுனாரு, ஹால்ல உக்காந்த சர்ஜன்கள் டிவியில லைவ்வா பாத்து நடுவுல கேள்வி கேட்டாங்க, ஸ்பெசிமன எப்படிப் பாக்கணும்னு பெத்தாலஜிஸ்டுங்களுக்கும் தனியா வகுப்பு. அப்புறம் அந்த ஊரு சர்ஜன்கள் அவங்க அவங்க ஆஸ்பத்திரில பண்ண ஆபரேஷன் கணக்க, அதே ஊருல முன்னாடி நடந்த ட்ரையல்களோட ஒப்பிட்டு 2000ல லேன்செட்ல போட்டாங்க. லோக்கல் ரெகரன்ஸ் 15, 14 சதவீதம்னு இருந்தது 6க்கு எறங்கிருச்சு. நிரந்தரமா வயித்துல மலம் சேர்ற பை வச்சிக்கிட்டு வாழ வேண்டிய ஆபரேஷன் 60 சதவீதத்துலருந்து 27 சதவீதமாச்சு. இந்த ரெண்டாவது எண்ணத்தான் நான் திரும்பத் திரும்ப பாப்பேன். கேன்சர கொறைச்சது மட்டும் இல்ல, எத்தனையோ பேரு பை இல்லாம வேலைக்குப் போயிருக்காங்க, பேரன் பேத்திய மடில தூக்கி வச்சிருக்காங்க. பழைய கணக்கோட ஒப்பிடறது, நோயாளிங்கள குலுக்கல் முறையில பிரிச்சு ஒப்பிடற ரேண்டமைஸ்டு ட்ரையல் அளவுக்கு பலமான சாட்சி இல்லதான், அந்தக் காலத்துல வேறயும் சிலது மாறியிருக்கும், ஆனா ஒரே ஊருல இல்ல, போன எடத்துலல்லாம் இதே திசையிலதான் எண் நகந்துச்சு.

நார்வே இன்னும் ஒரு படி மேல போச்சு. 1993 நவம்பர்லருந்து நாடு பூரா மலக்குடல் கேன்சர் நோயாளிங்க கணக்க பதியற ரிஜிஸ்ட்ரி, நாடு பூரா டிஎம்இ பயிற்சி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அதோட சொந்த ரிசல்ட்ட அனுப்பி வச்சாங்க. 1994ல 78 சதவீத ஆபரேஷன் டிஎம்இ, 1997ல 92. டிஎம்இ பண்ணவங்களுக்கு லோக்கல் ரெகரன்ஸ் 6 சதவீதம், பழைய முறைக்கு 12. நாலு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க டிஎம்இல 73 சதவீதம், பழைய முறையில 60.

நெதர்லாந்துல 1996லருந்து 1999 வரைக்கும் 1861 பேர வச்சு ஒரு ட்ரையல். அவங்க கேட்ட கேள்வி, ஒழுங்கா டிஎம்இ பண்ணாலும் முன்னாடியே ரேடியேஷன் குடுத்தா இன்னும் பலன் உண்டாங்கறது. ஆனா அதுக்கு மொதல்ல எல்லாரும் ஒழுங்கா டிஎம்இ பண்ணணுமே, அதனால ட்ரையல்ல சேர்ற ஆஸ்பத்திரிக்கெல்லாம் பயிற்சி குடுத்த சர்ஜன் நேர்ல போயி மொதல் அஞ்சு ஆபரேஷன்ல கூட நின்னாரு. இத ஸ்வீடன் ட்ரையலோட சேத்து வச்சுப் பாருங்க. ஸ்வீடன்ல 1987-90, பழைய முறை ஆபரேஷன் மட்டும் பண்ணவங்களுக்கு 5 வருஷத்துல லோக்கல் ரெகரன்ஸ் 27 சதவீதம், ரேடியேஷன் சேத்தா 11. நெதர்லாந்துல டிஎம்இ மட்டும் பண்ணவங்களுக்கு 5 வருஷத்துல 10.9, ரேடியேஷனும் சேத்தா 5.6. ரெண்டும் வேற வேற ட்ரையல், நேருக்கு நேர் வைக்கக்கூடாதுதான், இருந்தாலும் கண்ண விட்டு அகலாத விஷயம் ஒண்ணு இருக்கு: சர்ஜனுக்கு அஞ்சு கேஸ் கூட நின்னு கத்துக்கொடுத்தது, ரேடியேஷன் மிஷின் குடுத்த அளவு பலனக் குடுத்திருக்கு. ரெண்டையும் சேத்தா இன்னும் பாதியாகுது, அதனால ஒண்ண வச்சு இன்னொண்ண வேண்டாம்னு சொல்ல முடியாது.

பிரிட்டன்ல சிஆர் 07னு ஒரு ட்ரையல், 2009 லேன்செட். இதுல பெத்தாலஜிஸ்டுங்க 1156 ஸ்பெசிமன மூணு தரமா பிரிச்சாங்க. மெத்தை முழுசு, கொஞ்சம் கிழிசல், குடல் சுவரோட சதை வரைக்கும் கிழிசல். முழுசா வந்தது பாதிக்கு கொஞ்சம் மேல, 52 சதவீதம்தான். மூணு வருஷத்துல நோய் திரும்புனது, முழுசா இருந்தவங்களுக்கு 4 சதவீதம், நடுத்தரம் 7, மோசமானது 13. படிக்கட்டு மாதிரி ஏறுது பாருங்க. மேசை மேல இருக்கற உறுப்ப வெறும் கண்ணால பாத்தே அடுத்த மூணு வருஷத்த ஓரளவு சொல்லிரலாம். இதுக்கு என்ன செலவு? ஒரு கேமரா, ஒரு ஸ்கேல், அத நேர்மையா பாக்கற ஒரு ஆளு.

எம்ஆர்ஐ பத்தி சுருக்கமா. ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டிக்கும் அந்த சவ்வுக்கும் எவ்வளவு தூரம்னு 3 மில்லிமீட்டர் ஸ்லைஸ்ல பாத்துரலாம்னு லண்டன் ராயல் மார்ஸ்டன்ல ஜீனா பிரவுன் காட்டுனாங்க. 4 நாடு, 11 யூனிட், 408 நோயாளிங்கள வச்சு மெர்க்குரி ஸ்டடி, 2006ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னதும் பேசிங்ஸ்டோக்ல ஆரம்பிச்ச பெலிகன் ஃபவுண்டேஷன்ங்கற அறக்கட்டளைதான். சவ்வ தொடற கட்டின்னா மொதல்ல ரேடியேஷன், கீமோ, அப்புறம் கத்தி. தள்ளி இருந்தா நேரா ஆபரேஷன். இதுலயும் முன்கூட்டியே ரேடியாலஜிஸ்டுங்கள உக்கார வச்சு ஒரே மாதிரி படம் எடுக்க, ஒரே மாதிரி படிக்க பயிற்சி குடுத்துட்டுத்தான் ஸ்டடியே ஆரம்பிச்சாங்க.

"அப்ப டீச்சிங் ஆஸ்பத்திரில ட்ரெயினி கை வைக்கறது நோயாளிக்கு ஆபத்து இல்லையா?" அடுத்து இதக் கேப்பீங்க, நோயாளிங்களும் கேக்கறாங்க, கேக்கணும். நான் பாத்த முறையச் சொல்றேன். மொதல் வருஷம் ரிட்ராக்டர் பிடிக்கறதுதான் வேலை, செயின்ட் மார்க்ஸ் ரிட்ராக்டர்னு நுனி வளைஞ்ச நீளமான இரும்பு, தோள்பட்டை விட்டுப்போகும். ஆனா அத பிடிக்கறவனுக்குத்தான் தளம் விரியறது நல்லாத் தெரியும், இழுப்பு குடுக்கறதே அவன்தானே. அப்புறம் மேல இடது பக்க குடல விடுவிக்கற வேலை, அப்புறம் ரத்தக்குழாய் கட்டறது, அப்புறம் பின்பக்க தளம், கடைசியா முன்பக்கம். ஆம்பளைங்களுக்கு புராஸ்டேட் பக்கம், குறுகலான இடுப்பு, அங்க ரொம்ப நாளைக்கு கைய விட மாட்டாங்க. கன்சல்டன்ட் எப்பவும் க்ளவுஸ் போட்டு எதிர்ல இருப்பாரு, தப்பு நடக்கப்போகுதுன்னா கைய எடுத்து ஓரமா வச்சிருவாரு. தனியா விட்டுட்டு காபி குடிக்கப் போற எடத்துல டீச்சிங்னு பேரு மட்டும்தான் இருக்கும். என் பயமெல்லாம் அந்த மாதிரி எடத்தப் பத்தியும், யாரும் எண்ணாத, யாரும் போட்டோ எடுக்காத எடத்தப் பத்தியும்தான். அங்க வேலை பாக்கறவரு 30 வருஷ அனுபவஸ்தரா இருந்தாலும், தன்னோட நோயாளிங்கள்ல எத்தனை பேருக்கு திரும்ப வந்துச்சுன்னு அவருக்கே தெரியாது.

எண்ணிக்கிட்டே இருக்கறது எதுக்குன்னா, நார்வேல நடந்த இன்னொண்ணு சொல்றேன். கீழ இருக்கற கட்டிக்கு ஆசனவாய் வழியா கீழருந்து மேல தளத்த பிரிக்கற புது முறை ஒண்ணு வந்துச்சு, டிஏ-டிஎம்இ. மேலருந்து எட்டாத எடம் கீழருந்து நல்லாத் தெரியும், யோசனை அருமையான யோசனை, சர்ஜன்கள் ஆர்வமா கத்துக்கிட்டு ஆரம்பிச்சுட்டாங்க. நார்வேல 157 பேருக்கு பண்ண நெலமையில ரிஜிஸ்ட்ரி கணக்குல ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு, நோய் சீக்கிரமா, ஒரே எடத்துல இல்லாம பல எடத்துல சிதறுனாப்ல திரும்புது. கணக்குப் போட்டா லோக்கல் ரெகரன்ஸ் 11.6 சதவீதம், நாட்டு ரிஜிஸ்ட்ரில மத்தவங்களுக்கு 2.4. 2018 கடைசில நாடு பூரா நிறுத்திட்டாங்க. வேற நாடுகள்ல நல்ல பயிற்சியோட, நிறைய கேஸ் பண்ற சென்டர்ல நல்ல ரிசல்ட் வந்ததாவும் சொல்றாங்க, அந்த விவாதம் தனி. எனக்கு முக்கியமாப் படறது, 157லயே கண்டுபிடிச்சாங்கங்கறது. ரிஜிஸ்ட்ரி இல்லாத ஊர்னா அது ஆயிரக்கணக்குல போயிருக்கும், ஒவ்வொரு சர்ஜனும் "என் கேஸ்ல ஒண்ணு ரெண்டுதான், துரதிர்ஷ்டம்"னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பாரு.

இன்னொண்ணையும் சொல்லாம விட முடியல. பிரேசில்ல சாவோ பாலோல ஏஞ்செலிட்டா ஹாபர்-காமான்னு ஒரு சர்ஜன், ரேடியேஷனும் கீமோவும் குடுத்ததுல கட்டி அடையாளமே இல்லாம மறைஞ்சவங்களுக்கு கத்தியே வைக்காம கண்காணிச்சாங்க. 2004ல 265 பேர்ல 71 பேருக்கு அப்படி மறைஞ்சுதுன்னு எழுதுனாங்க. அவங்கள ரொம்ப வருஷம் யாரும் ஏத்துக்கல. பின்னாடி அந்த வழிக்கு ஆதரவா பேசுன பெரிய குரல்கள்ல ஒண்ணு யாருன்னு நெனைக்கறீங்க? ஹீல்ட்தான், லிஸ்பன்ல சாம்பலிமோ ஃபவுண்டேஷன்லருந்து. வாழ்க்கை பூரா ஒரு ஆபரேஷன செதுக்கி உலகத்துக்கே கத்துக்கொடுத்த மனுஷன், அந்த ஆபரேஷன் தேவைப்படாத நோயாளி யாருன்னு தேடப் போனாரு. 2018ல 880 பேரோட சர்வதேச கணக்கு லேன்செட்ல வந்துச்சு, ரெண்டு வருஷத்துல நாலுல ஒருத்தருக்கு கட்டி அதே எடத்துல திரும்ப வளந்துச்சு, அதனால அடிக்கடி ஸ்கோப்பும் எம்ஆர்ஐயும் பாக்கறதுக்கு வசதியும் ஒழுங்கும் இருக்கற எடத்துல மட்டும்தான் இத செய்யலாம். ஆனா மிச்ச மூணு பேரு ஆபரேஷன் இல்லாம, பை இல்லாம இருந்திருக்காங்க.

உங்க சர்ஜரி போஸ்டிங் எப்பன்னு தெரியல. மலக்குடல் கேஸ் ஒண்ணு லிஸ்ட்ல வந்துச்சுன்னா கடைசி வரைக்கும் தியேட்டர்ல நில்லுங்க, கூட்டத்துல பின்னாடி நிக்காம ஸ்டூல் போட்டாவது ஏறிப் பாருங்க. உறுப்பு வெளிய வந்ததும் ஃபார்மலின் டப்பாவுக்குள்ள போறதுக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட கேட்டு, க்ளவுஸ் போட்டு, பின்பக்கம் திருப்பி வச்சுப் பாருங்க. வழுவழுன்னு இருக்கா, எங்கயாவது பள்ளம் இருக்கா. அப்புறம் டப்பா கூடவே பெத்தாலஜி ரூம் வரைக்கும் நடந்து போயி, எப்ப ஸ்லைஸ் போடுவாங்கன்னு கேட்டு வச்சிக்கிட்டு அன்னிக்கு திரும்பப் போங்க.